ரேவதி வட்டம் போட்ட பக்கங்கள்

"மேடம், சயின்ஸை விட்டுடலாமா?"

கலா என்னிடம் இப்படிக் கேட்டபோது அவள் கையில் கரண்டி இருந்தது. அவள் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு. ஜன்னல் வழியாகப் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியின் டீசல் வாசனை... இரண்டும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

டீச்சர் வேலையிலிருந்து நான் ரிட்டயர் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கலாவின் மகள் ரேவதிக்கு ஒன்பதாம் வகுப்பில், காலை அசெம்பிளியில், எல்லார் முன்னாலும் ஃபிட்ஸ் வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தாராளமாகப் பள்ளிக்கூடம் போகலாம் என்றார். ஆனால் கூடப் படித்த ஒருத்தி கையைக் காலை உதறி நடித்துக் காட்டியதை ரேவதி பார்த்துவிட்டாள். அத்தோடு பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். கலாவுக்கோ வேறு பயம். பள்ளிக்கூடம் அக்கரையில்... படகில் வந்துவிட்டால்?

அதனால் வீட்டிலேயே படித்து, ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது எழுதுவது என்று முடிவானது. அதில் சயின்ஸை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் பாஸ் சுலபம். ஆனால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கிடைக்காது. ஒரு கதவு சத்தமில்லாமல் மூடிவிடும்.

"புத்தகத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்மா" என்றேன்.

புத்தகம் தேர்ந்தெடுப்பது எங்கள் தீவில் லேசான காரியம் இல்லை. மெயின்லேண்டில் நாலு வரவழைத்து, பிடிக்காததைத் திருப்பி அனுப்புவார்கள். நம் பின்கோடைப் போட்டாலே பல சமயம் "இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை" என்று வரும். நான் ஆசைப்பட்ட கெமிஸ்ட்ரி செட்டும் அப்படித்தான் போனது. உள்ளே ஆசிட் பாட்டில் இருக்கிறதாம், விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். கடைசியில் கூட வேலை பார்த்தவர்களிடம் மூன்று புத்தகங்களை இரவல் வாங்கிக்கொண்டு, பத்துபஸ்தியிலிருந்து பஸ் பிடித்து, சாத்தமில் படகு ஏறிக் கலா வீட்டுக்குப் போனேன்.

ஒன்று ஓப்பன் ஸ்கூலே கொடுக்கும் பாடப் புத்தகம். ஒன்று மெலிசான கைடு, கேள்வியும் பதிலும் மட்டும். இன்னொன்று தலையணை மாதிரி தடிமன்.

ரேவதியிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தேன். "நீ பாக்காத, உனக்குத் தெரியாத விஷயம் எது வந்தாலும் ஒரு வட்டம் போடு." வட்டம் எதில் குறைவோ அதை எடுப்பது என்று மனதுக்குள் கணக்கு. பாவம், உடம்பு சரியில்லாத பிள்ளை... சுமை குறையட்டுமே என்றுதான்.

அடுத்த வாரம் போனால், பாடப் புத்தகத்தில் ஓரளவு, தடிமன் புத்தகம் முழுக்க வட்டம். பனிக்கட்டி மழை, இரும்பு உருக்கும் உலை, பாலைவனம்... ரயிலுக்கு மட்டும் எத்தனை!

"மேடம், இந்த புக் எழுதினவங்க ட்ரெயின்லயேதான் குடியிருந்தாங்களா? எந்தக் கணக்கை எடுத்தாலும் ட்ரெயின். ஒரு ஷிப் கூட ஓட்ட மாட்டேங்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு. கைடை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் மூன்று, நான்கு வட்டம்தான்.

"அப்போ இதுவே போதும்மா. பாஸ் ஆயிடலாம்."

கலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அச்சா, அப்போ இதையே எடுத்துக்கலாம் மேடம். சின்னதா இருக்கு."

ரேவதி பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஃபிட்ஸ் வந்ததுல இருந்து எல்லாரும் எனக்கு எல்லாத்தையும் கம்மியாத்தான் தர்றீங்க மேடம். சோறு மட்டும்தான் ஜாஸ்தி."

"அரே, வாயைப் பாரு இவளுக்கு!" என்று கலா கரண்டியை ஓங்கினாள். ஆனால் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

ரேவதி கைடையும் தடிமன் புத்தகத்தையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் மூளைப் பாடம். கைடில் ஒரே ஒரு படம், கீழே "பாகங்களைக் குறி." தடிமன் புத்தகத்திலோ பக்கம் பக்கமாக... ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி எப்படிப் போகிறது, கையை எடு என்று மூளை சொன்னால் கை எப்படிக் கேட்கிறது... வரிக்கு வரி வட்டம்.

"இது எதுவுமே எனக்குத் தெரியாது மேடம். ஆனா எனக்கு அன்னிக்கு என்ன ஆச்சுன்னு இதுக்குள்ளதானே இருக்கு? கைடைப் படிச்சா மார்க் வரும். இது தெரியாதே."

எத்தனை வருஷமாகக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு "இம்பார்டன்ட் கேள்வி" மட்டும் குறித்துக் கொடுத்திருக்கிறேன். அன்பு என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அதில் யாருக்காவது இப்படி ஒரு கேள்வி இருந்திருக்குமோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கலாவைப் பார்த்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எடுத்துக்கட்டும் மேடம்... சயின்ஸே எடுத்துக்கட்டும்" என்றாள்.

பரீட்சைக்குப் பாடப் புத்தகம், மனசுக்குத் தடிமன் புத்தகம் என்று வைத்துக்கொண்டோம். மூளைப் பாடத்தில்தான் ஆரம்பித்தோம். ஒரு வட்டம் புரிந்தால் அதை ரப்பரால் அவளே அழிப்பாள். சில நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்று கூட அழியாது... பரவாயில்லை என்று டீ குடிப்போம்.

சயின்ஸில் பாஸ் செய்தாள். பிரமாதமான மார்க் இல்லை, ஆனால் கதவு திறந்தது. இப்போது அக்கரையில் பிளஸ் டூ, பயாலஜி. தினமும் படகில்தான் போகிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே பக்கத்துப் பெண்ணிடம், "எனக்கு ஃபிட்ஸ் வந்தா பயப்படாத, பக்கவாட்டுல படுக்க வை" என்று சொல்லி வைத்தாளாம். கலா இன்னும் ஜெட்டிக்குப் போகிறாள்... மகள் கண்ணில் படாமல், டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் நின்று, படகு கிளம்பினதும் திரும்பி வருகிறாள்.

முன்பெல்லாம் யாராவது புத்தகம் கேட்டால் உடனே பட்டியல் எழுதிக் கொடுப்பேன். இப்போதும் அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், "எந்த புக் நல்லது மேடம்?" இப்போது என்னிடம் பட்டியல் இல்லை. ஒன்றுதான் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால், இரண்டு புத்தகத்தில் ஒரே பாடத்தை விரித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அடுத்த அறையில் போய் உட்காருங்கள்.