சித்தி கேட்ட இரண்டு ஜெர்மன் கேள்விகள்

எனக்கு ஒன்பது வயதானபோது நெய்வேலியை எனக்கு ஜெர்மன் மொழியில் சுற்றிக் காட்டியவள் என் சித்தி. நர்சிங் முடித்துவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இரண்டாவது முறை வியாழக்கிழமை.

அவள் புத்தகத்தில், ஊர் சுற்றிப் பார்க்கிறவர்கள் கோபுரத்தையும் மலையையும் காட்டி விவரம் கேட்கிற பாடம் ஒன்று இருந்தது. அதைப் பழக, ஞாயிறு காலையில் ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டி, "வாஸ் இஸ்ட் தாஸ் தோர்ட்?" என்பாள். அங்கே தெரிவது என்ன என்று அர்த்தம். "டுர்ம்" என்று நான் சொல்ல வேண்டும். கோபுரம். சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு "பெர்க்". மலை. சித்தி எல்லாவற்றையும் நோட்டில் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதிக்கொண்டாள்.

மண்மேடு நன்றாகத் தெரியும் வளைவில் நின்றபோது செக்யூரிட்டிக்காரர் ஒருவர் வந்து நோட்டை வாங்கினார். படங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இங்க நின்னுகினு என்னாத்துக்கு இதெல்லாம் வரையறீங்க? இது என்ன எழுத்து?"

சித்தி நோட்டுக்காகக் கையை நீட்டினாள். "பரீட்சைக்குங்கண்ணே. ஜெர்மன். நோட்டக் குடுத்துடுங்க, இதுலதான் எல்லாம் இருக்கு."

"பரீட்சைன்னா எங்கிட்ட கேளுங்க, பாக்கலாம்."

சித்தி மண்மேட்டைக் காட்டி, அந்தக் கேள்வியைக் கேட்டாள். பிறகு தமிழில் சொன்னாள். "அங்க தெரியுதே, அது என்னன்னு கேட்டேங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "அதுவா. அதுக்கு அடியிலதான் எங்க வூடு இருந்துது. பக்கத்துலயே கொல்லை. ரெண்டு முந்திரி மரம்."

சித்தியும் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, மனப்பாடம் செய்த வரிசை இழுத்ததோ என்னவோ, அடுத்த கேள்வியும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. "வீ கொம்மே இஹ் தோர்ட்ஹின்?"

"இது என்ன?"

"அங்க எப்படிப் போறதுன்னு..." என்று ஆரம்பித்த சித்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். "நல்லா எழுதும்மா. பாப்பாவ வெயில்ல நிக்க வெக்காத" என்றார்.

சித்தி அந்த வியாழக்கிழமை தேறினாள். இப்போது ஜெர்மனியில் ஒரு முதியோர் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும்வரை அவள் எந்தக் கோபுரத்தையும் காட்டவில்லை.

எனக்கோ அவர் சொன்னது பெரிய வேடிக்கையாக இருந்தது. மலைக்கு அடியில் யாராவது வீடு கட்டுவார்களா? முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம், அந்த மனிதரைப் போலவே பேசி நடித்துக் காட்டினேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில்தான் வேலை. அந்த மேட்டில் மண் கொட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர்.

அப்பா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "எந்த ஊருன்னு சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

கேட்கவில்லை என்றேன். கதையை நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்து நின்று, மறுபடியும் முதலிலிருந்து நடித்துக் காட்ட ஆரம்பித்தேன்.