பன்னிரண்டடி மனுசிக்குப் போட்ட ஓட்டைகள்

ட்ரில்லை நிற்பாட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் மிஸ்ஸிஸ் மார்கலிடா நின்றா. கையிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தா.

"மிஸ்டர் ராசா, என்ன செய்யிறியள்?"

"அரைவாசி முடிஞ்சுது மிஸ்ஸிஸ். பின்பக்கம் ரெண்டு ஓட்டைதான் மிச்சம். பிறகு ஓட்டைக்குள்ளாலை தண்டு மரத்தை விட்டால் நாலு பேர் தோளிலை வைச்சுத் தூக்கலாம்."

அவவின் முகத்தைப் பார்த்ததும் ட்ரில்லின் வயரை நானே கழற்றிவிட்டேன்.

இன்றைக்கு லண்டன் மோர்டனில் மேடை, பந்தல், கதிரை வாடகைக்குக் கொடுக்கிற கொம்பனி என்னுடையது. நாலு வான் ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கீழே டிகிரி முடித்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். யாரும் எனக்குத் தொழில் சொல்லித்தரவில்லை, எல்லாம் நானாகப் பிடித்ததுதான். இந்த ஒரு பாடத்தைத் தவிர.

1. மண்டபத்தில் இன்னொரு தீவார்

எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ட்ரெதத்தில் ஒரு பொது மண்டபத்தைப் பராமரிக்கிற கெயார்டேக்கர். சனிக்கிழமைகளில் மேல்மாடியில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. கீழே மயோர்க்காத் தீவாரின் சங்கம். மயோர்க்கா ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த தீவு, ஆனால் அந்தச் சனத்தின் பாஷை கற்றலான். அந்தப் பாஷையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும், தீவின் ஆட்டம் பாட்டு சாப்பாட்டை மறக்காமல் வைத்திருக்கவும்தான் சங்கம். சாப்பாட்டுக் கோப்பை அளவில் முறுக்கு மாதிரிச் சுற்றி, மேலே சீனி தூவின பணியாரம் ஒன்று செய்வார்கள். கெயார்டேக்கருக்கு முதல் துண்டு. அதனால் அவர்களின் கதிரைகளை நான் எப்போதும் நேரத்துக்கே அடுக்கிவிடுவேன்.

மிஸ்ஸிஸ் மார்கலிடா சங்கத்தின் செக்ரட்டரி. ஆஸ்பத்திரி ஒன்றின் தையல் அறையில் வேலை. அவவின் இங்கிலிசும் என் இங்கிலிசும் ஒரே தரம், அதனால் நன்றாக விளங்கிக்கொள்வோம். இங்கே எல்லாவற்றையும் என் தமிழில்தான் தருகிறேன்.

அந்த வருசம் கோடையில் ஸ்ட்ரெதம் றோட்டில் ஊர்வலம் போக அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதற்காகத் தன் சொந்தக் கிராமத்துக்கு எழுதி, அங்கே திருவிழாவுக்கு எடுக்கிற ராட்சதப் பெண் உருவத்தை அவ இரவல் வாங்கினா. மரச்சட்டம், கடதாசிக் கூழில் செய்த தலை, உயரம் பன்னிரண்டு அடி. ஓகஸ்ட் முடியமுன் பழுதில்லாமல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று கையெழுத்து வைத்தது அவதான். இருபது வருசத்துக்கு மேலாக ஊர்த் திருவிழாவைக் காணாத மனுசி, இந்த முறை அந்த உருவத்தோடு தானும் போக லீவு எடுத்திருந்தா.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. மண்டபத்தில் நான் தனிய. பெட்டியை உடைத்து, சட்டத்தை நிறுத்தி, தலையைப் பூட்டினேன். பாவாடை வேறு பொதியில் இருந்தது. கீழ்ப்பகுதி நாலு கால், சுற்றிவர அகலப் பலகை. அசல் எங்கள் கோயில் வாகனத்தின் பீடம் மாதிரி. ஆனால் தண்டு விட ஓட்டை இல்லை. பாவங்கள், செய்ய மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஊரில் சாமி தூக்கித் தோள் காய்த்தவன் நான். அளவு எனக்கு மனப்பாடம்.

அந்த நேரம் பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து என் கூட்டாளி தேவராசா எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, உள்ளுக்கை ஒருக்காப் பாத்தனீங்களே?"

"பொம்மைக்குள்ளை பாக்க என்ன கிடக்கு? நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."

முன்பலகையில் மூன்று அங்குல ஓட்டை இரண்டு போட்டேன். அப்போதுதான் அவ வந்தா.

2. உள்ளே

"உள்ளுக்கு வாங்கோ," என்றா. குனிந்து சட்டத்துக்குள் போனோம். என் கையிலிருந்த டோர்ச்சை வாங்கிப் பலகையின் உள்பக்கம் அடித்தா. முழுவதும் பென்சில் எழுத்து.

"இவளை நாலு பேர் காவிறேல்லை மிஸ்டர் ராசா. ஒருத்தர் உள்ளுக்கை நிண்டு தூக்கி ஆடவேணும். ஆடினவர் அந்த வருசம் தன்ரை பேரை உள்ளுக்கை எழுதுவார். அது எங்கடை வழக்கம்."

வெளிச்சம் இடப்பக்க ஓட்டையில் நின்றது. அதன் ஒரு கரையில் இரண்டு எழுத்து, மறுகரையில் மூன்று எழுத்து. நடுவில் என் ஓட்டை.

"இது என்ரை அப்பா."

ஓட்டையின் கரையில் ஒட்டியிருந்த மரத்தூளை நான் விரலால் துடைத்தேன்.

"அந்த நாளிலை பள்ளிக்கூடத்திலை எங்கடை பாஷை கதைச்சால் அடி. அரசாங்கக் கந்தோர்ப் பதிவிலை அப்பாவுக்கு ஸ்பானிஷ் பேர்தான் போட்டவை. கல்லறைக் கல்லிலையும் அதுதான். வீட்டிலை கூப்பிட்ட பேரை அவர் தன்ரை கையாலை எழுதின இடம் இது ஒண்டுதான்."

"மிஸ்ஸிஸ், மரத்துண்டு வைச்சு அடைச்சு, பில்லர் பூசி, பெயின்ற் அடிச்சுத் தாறன். ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அன்றைக்கே அவ ஊருக்கு உண்மையை எழுதிப் போட்டா. "கோவிச்சினமெண்டால் நான் திருவிழாவுக்குப் போகேலாது. எந்த முகத்தோடை போறது?" என்றா. அவ என்னைச் சத்தம் போட்டு ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தேவராசாதான் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, "அண்ணை, சாமியெண்டு நினைச்சு முன்னாலை தேங்காய் உடைக்காமல் விட்டியளே, அது பெரிய காரியம்," என்றான்.

3. ஊர்வலம்

ஊர்வலத்தன்று உருவத்தைத் தூக்க இருந்த வெயிற்றருக்கு ஹோட்டலில் லீவு கொடுக்கவில்லை. மற்ற ஆண்களுக்கு ஒன்றில் வயசு, இல்லாவிட்டால் இடுப்பில் நாரிப்பிடிப்பு. மார்கலிடா என்னைப் பார்த்தா.

"ஓட்டை போட்டவர் தூக்கட்டும்."

பாரம் ஒரு மூட்டை அரிசிக்கு மேல். அதைப் பற்றி நான் பெருமையடிக்கத் தேவையில்லை, பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவாடையில் முகத்துக்கு நேரே வலைத்துணியில் ஒரு சின்ன ஜன்னல். முன்னால் குழலும் மேளமும். பாதித் தூரம் வரைக்கும் நடந்தேன் என்று சொல்லேலாது, ஆடினேன்.

கொமன் புல்வெளிப் பக்கம் திரும்பினதும் காற்று அடித்தது. பன்னிரண்டடி மனுசி பஸ் ஸ்டொப்பில் நின்ற சனத்தின் பக்கம் சரிந்தா. வியர்வையில் நான் உள்ளே பிடித்திருந்த குறுக்குத்தடி கையை விட்டு வழுக்கியது. விழுந்தால் அந்தக் கடதாசித் தலை மிஞ்சாது, மார்கலிடாவின் திருவிழாவும் மிஞ்சாது. என் இரண்டு கையும் தானாகவே முன்பலகைக்குப் போய் ஓட்டைகளுக்குள் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டன. காலை அகட்டி நின்றேன். சட்டம் ஒருக்கால் முனகிவிட்டு நிமிர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே மார்கலிடாவின் முகம். "மிஸ்டர் ராசா, நிக்கிறியளோ?"

"நிக்கிறன் மிஸ்ஸிஸ். உங்கடை அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவ வலைத்துணிக்குக் கிட்ட வந்து, "விட்டிடாதேங்கோ," என்றா.

மண்டபத்துக்குத் திரும்பினதும் அவ உள்ளே குனிந்து, ஓட்டைக்குக் கீழே அப்பாவின் பேரைப் பென்சிலால் திரும்ப எழுதினா. எழுதிவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினா. "ஆடினவர் எழுதவேணும். உங்கடை பாஷையிலை." பக்கத்தில் தமிழில் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவ்வளவு கவனமாக நான் ஒன்றும் எழுதினதில்லை.

ஊரிலிருந்து பதில் இரண்டு கிழமையில் வந்தது. ஒரே வரி: அவளையும் கூட்டிக்கொண்டு நீயும் வா. ஓகஸ்டில் இரண்டு மனுசிகளும் போனார்கள்.

செப்டெம்பரில் மார்கலிடா ஒரு படத்தோடு வந்தா. பலகையின் உள்பக்கம். பென்சில் பேர்கள், என் தமிழ் எழுத்து. இரண்டு ஓட்டையின் விளிம்பிலும் புதுத் தோல் சுற்றி ஆணி அடித்திருந்தது.

"அடைக்கேல்லையோ?"

"தூக்கிறவை விடேல்லை. கைபிடிக்க நல்ல வசதியாம். ஆனால் ஊர்த் தச்சன் உங்களுக்கு ஒரு சேதி சொல்லிவிட்டவர்."

"என்னவாம்?"

"ஓட்டை போட்டவன் மடையன். அளவு மட்டும் சரி எண்டார்."

தொழிலில் எனக்குக் கிடைத்த சேட்டிபிக்கட் அது ஒன்றுதான், அதையும் நான் பாதிதான் மறுப்பேன். அந்தப் படம் இன்றைக்கும் என் கந்தோர்ச் சுவரில் தொங்குகிறது. புதுப் பெடியன் ஆராவது ட்ரில்லைத் தூக்கினால் முதலில் அதைக் காட்டுவேன். பிறகு ஒரு கேள்விதான் கேட்பேன்: "உள்ளுக்கை போய்ப் பாத்தனியோ?"