முப்பது சைஸ் பேரிங்

எங்கள் லாரியின் எஞ்சினை என் கணவர் நவம்பர் மழை விட்ட வாரத்தில் பிரித்துப் போட்டார். கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பிரித்தவர் கட்டிலில் கிடந்தார், பிரித்தது வீடு முழுக்கக் கிடந்தது. பிஸ்டன்கள் அரிசிச் சாக்கில், வால்வுகள் என் பழைய டிபன் கேரியரில். எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரே இரும்பு. அதை முன்னறை ஜன்னல் கம்பியில் சேலைக் கிழிசலால் கட்டி நிறுத்தியிருந்தார். படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்பார்கள். வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள், அப்புறம்தான் அவரை.

மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி அது. அந்த மாடல் வருவது நின்று பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லாத வீடு, அதனால் லாரியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பிள்ளையாக இருந்தால் இந்நேரம் சம்பாதித்துப் போட்டிருக்கும். இது டீசல் குடித்துவிட்டுக் கொட்டகையில் நின்றது. சாணார்பட்டிப் பக்கம் மாங்காய் சீசனில் நாலு நடை போனால் பெரிது. எனக்கு அதன் மேல் பாசம் என்று எதுவும் கிடையாது.

பிறகு ஏன் ஏழு மாதம் அதற்காக அலைந்தேன் என்றால், ஒரு கிறுக்குத்தனம்தான். காலில் பலம் இருக்கிறது, மனசு வைத்தால் நடப்பார் என்று டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் அதையே சொன்னாள். ஆனால் அவர் மனசு வைக்கவில்லை. காலை மடக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கோணிப்போன வாயால் அவர் ஒழுங்காகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கிராங்க் பட்டறைக்குப் போச்சா?" தினமும் அதே கேள்வி. சரி, இந்த எஞ்சின் ஓடினால் இந்த மனுஷன் எழுந்துவிடுவார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் காலை ஊன்றி எழுந்து கொட்டகைக்கு நடப்பார் என்று அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் நினைத்துப் பார்ப்பேன்.

முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான். அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், முதலில் கிண்டலாக, பிறகு பழக்கமாக. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கல்லாவில் இருப்பவர் எனக்குப் பதில் சொல்ல மாட்டார், எனக்குப் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். "வீட்டுல ஆம்பளை இல்லையாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "இருக்கார். அவர் பேசினா உங்களுக்குப் புரியாது" என்றேன். கேஸ்கட், பிஸ்டன் ரிங், வால்வு கைடு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கவே ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டது. நான் வெளியே போகும்போது அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் வந்து அவரைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் திரும்பியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தக் கடையில் எவன் என்ன சொன்னான், நான் என்ன திருப்பிக் கொடுத்தேன் என்று கொட்டித் தீர்ப்பேன். அவர் கண்ணை மூடியபடி கிடப்பார்.

தப்பு நடந்தது புனித வாரத்தில், பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால். செய்தது நான்தான்.

கிராங்க் தேய்ந்து கோடு கோடாக விழுந்திருந்தது. அதைக் கடைந்து வழுவழுப்பாக்க வேண்டும். கடைந்தால் இரும்பு மெலியும். மெலிந்த அளவுக்கு, அது உட்கார்ந்து சுற்றும் பேரிங் கனமாக இருக்க வேண்டும். அதைத்தான் இருபது சைஸ், முப்பது சைஸ் என்று சொல்கிறார்கள். இதில் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சட்டம் உண்டு: பேரிங்கைக் கையில் வாங்கிவிட்டு வா, அதற்குத்தான் கடைவேன். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே. என் கணவரும் குழறிக் குழறி அதையே சொல்லியிருந்தார். பேரிங் முதலில், கிராங்க் அப்புறம்.

பழனி ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். புதன்கிழமை காலையில் கிராங்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அவர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார்.

"இருபதுல கோடு லேசா நிக்கும் டீச்சர். முப்பதுக்குப் போனா சுத்தமாயிரும். நீங்க எது வாங்கி வச்சிருக்கீங்க?"

நான் எதையும் வாங்கியிருக்கவில்லை. கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்.

"வாங்கிட்டு வந்து போடுறேனே" என்றேன்.

"நாளைக்கு மத்தியானத்தோட மெஷினை நிறுத்திருவேன். பெரிய வெள்ளி அன்னைக்கு இரும்புல கை வைக்க மாட்டேன், ஒரு ஆணி கூட அடிக்க மாட்டேன். ஈஸ்டர் முடிஞ்சு செவ்வாய்க்கிழமைதான் திறப்பேன். அதுக்குள்ள மூணு லாரி கிராங்க் வரிசையில நிக்குது. பேரிங் இருக்குன்னா சொல்லுங்க, இன்னைக்கே ஏத்திர்றேன்."

எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னும் பத்து நாள் அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை நினைத்தாலே பொறுக்கவில்லை. "இருக்கு. முப்பது" என்றேன். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், சுத்தமாக இருக்கும் என்றால் அதுதானே நல்லது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. டீச்சர் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? மறுநாள் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். மாமியாரைப் பற்றி முப்பது வருஷத்துக்கு முன்னால் நினைத்ததைக் கூடச் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து பேரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் டப்பாக்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த வண்டிக்கு முப்பது வந்து வருஷக்கணக்காச்சு. இருபதுன்னா எங்கிட்டயே ரெண்டு செட் கெடக்கு." என் கிராங்க் முப்பதுக்கு மெலிந்தாகிவிட்டது, இருபது இனி அதற்கு உதவாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலுக்கு நாலு வார்த்தை நானும் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. கிராங்க் கட்டியிருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "தேடு... கெடைக்கும்" என்றார்.

தேடினேன். மதுரைக்கு நாலு தடவை, திருச்சிக்கு ஒரு தடவை. வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். சிலர் வேறு வண்டியின் பேரிங்கைப் படம் பிடித்து அனுப்பினார்கள், ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார், பிறகு தினமும் அனுப்பினார். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று நின்று கால் வீங்கியது. பேசாமல் எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவர் கேட்பார், "இன்னைக்கு எங்க போன?" சொல்லிவிட்டு, மறுநாள் மறுபடி செருப்பை மாட்டுவேன்.

கடைசியில் பட்டறைக்காரரிடமே போய் உண்மையைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுத் துணியால் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"புனித வாரத்துல டீச்சர்! எங்கிட்ட! என் பட்டறையில பேரிங் பாக்காம கடைஞ்ச ஒரே கிராங்க் உங்களுதுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பி நடந்தேன். மூன்று வாரம் கோயிலில் என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாவது ஞாயிறு பூசை முடிந்து அவரே வந்து, தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரருக்கு இதே மாடல் கிராங்கை முப்பதுக்குக் கடைந்து கொடுத்த ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். அந்த எஞ்சினை அவர் கிணற்றில் தண்ணி இறைக்க மாட்டியிருந்தாராம். போன் நம்பரும் தந்தார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொப்பம்பட்டிக்கு இரண்டு பஸ் மாறி, பிறகு ஒரு ஆட்டோ. தோப்புக்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இதுக்குப் போயி இந்த வெயில்ல வந்தீங்களா? பஸ்ஸுல குடுத்து விட்டிருப்பேனுங்க."

அவருடைய எஞ்சினை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டாராம், இப்போது எல்லாம் கரண்டு மோட்டார்தான். ஆனால் மாற்றுக்கு வாங்கி வைத்த ஒரு செட் மோட்டார் ரூம் பரணில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் கிடந்தது. எலி டப்பாவை மட்டும் கடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். வளைந்த தகடுகள் பளபளவென்று இருந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் முப்பது என்று அடித்திருந்தது. அந்த எண்ணை நான் கைவிரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

"ஐயா மறுபடி ஓட்டுவாருங்களா?" என்றார் அவர்.

"ஓட்டுவார்" என்றேன். இந்தத் தடவை பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

புது லாரிகளில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் ஒரே நிபந்தனையோடு வந்தார்: "எது எங்க போகும்னு அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லணும், டீச்சரம்மா. எனக்கு இந்த எஞ்சின் தெரியாது." மூன்று ஞாயிற்றுக்கிழமை என் கணவரைக் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கொட்டகையில் வைத்தோம். அவர் இடது கையால் காட்டுவார், நான் அவர் குழறலை மெக்கானிக்குக்குச் சொல்வேன். போல்ட் முறுக்கும்போது போதும் என்று கையைத் தூக்குவார். அந்த மூன்று ஞாயிறும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது மாதிரி எனக்குத் தெரிந்தது. நாத்தனாரிடம் கூடச் சொன்னேன். "தெளிச்சியாத்தான் இருக்காக" என்றார் அவரும்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். முதல் தடவை முக்கியது. டீசல் குழாயில் காற்று இருக்கிறது என்று கையால் பம்ப் அடித்தார் மெக்கானிக். இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தெருவில் நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் கும்பிட்டார். எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன்.

கால் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. புகை வெளுத்து, பிறகு இல்லாமல் போய், சத்தம் ஒரு சீராக வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அவர் இடது கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். ஓடிப் போய்க் குனிந்து, எழுப்புவதற்குக் கையைக் கூட நீட்டிவிட்டேன்.

"டேப்பட்... ஒண்ணு... லூசு" என்றார். ஒரு வால்வு தட்டுகிற சத்தத்தை அவர் காது பிடித்திருக்கிறது.

என்ன கோபம் வந்ததோ. "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா? வண்டி எந்திரிச்சிருச்சு. நீங்க எப்ப எந்திரிப்பீங்க?" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். கேட்கக் கூடாத கேள்வி. ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது வந்துவிட்டது.

அவர் அசரவில்லை. "நான் எந்திரிக்க மாட்டேன் டீச்சர். ஏலாது."

"யார் சொன்னா?"

"எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்குத் தினமும் பேரிங் பேரிங்னு என்னைய விரட்டுனீங்க? எம்புட்டு வெயில்ல அலைஞ்சேன்!"

ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயைக் கூட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வீட்ல இருந்தா... என்னையவே பாத்துக்கிட்டு இருப்ப. அழுவ. வெளிய போனா... நாலு பேருகிட்ட சண்டை போட்டுட்டு வந்து... சொல்லுவ. அது... கேக்க நல்லாருந்துச்சு."

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் மெக்கானிக் எஞ்சின் பக்கமிருந்து தலையை நீட்டி, "நிறுத்திரவா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

வேண்டாம், செத்த நேரம் ஓடட்டும் என்று கையைக் காட்டினேன். நிறுத்தினால் நான் அழுவது தெருவுக்கே கேட்டிருக்கும்.