ஜெபராஜுக்கு இன்னொரு பிரியாணி

சர்வர் வாங்க வேண்டாம், பராமரிக்க வேண்டாம், புரோகிராமை எழுதி கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலோ போட்டால் கூப்பிடும்போது எழுந்து வேலை பார்த்துவிட்டுத் தூங்கிவிடும் என்பதுதான் எங்கள் தொழில். தூக்கம் கெடுவது நமக்கு மட்டும்தான், சக பாவிகளே.

தாம்பரத்தில் எங்கள் சின்னக் கம்பெனிக்கு அப்போது ஒரே கஸ்டமர், பல்லாவரத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய். ஆப்பில் ஆர்டர் வந்தால் சமையல்கட்டு பிரிண்டரில் சீட்டு விழ வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தை நாளில் சொதப்பினால் உங்களுக்கு ஒரு சலாம், பழையபடி போனிலேயே ஆர்டர் எடுத்துக்கொள்வேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒரு வரி, ஒரு டீ

என்னோடு புரோகிராம் எழுதுகிறவன் ஜெபராஜ். ஒரு வரி மாற்றுவான், கிளவுடில் ஏற்றுவான், ஏறி முடிப்பதற்குள் கீழே போய் டீ குடிப்பான். திரும்பி வந்தால் எரர். மறுபடி ஒரு வரி, ஒரு டீ. பொய்யாக ஒரு ஆர்டர் தயார் பண்ணி லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மேல ஏத்திப் பாத்தாதான்க்கா நிஜம்" என்பான். டீக்கடை அக்காவிடம் நியாயம் கேட்டேன்.

"உங்க வேல கெட்டாத்தான் எனக்கு வியாபாரம். தம்பியத் திருத்திடாதம்மா."

தூங்குமூஞ்சி

காலையில் முதல் ஆர்டர் மட்டும் லேட்டாக வருகிறது என்று பாய் போன் பண்ணினார். ரொம்ப நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் புரோகிராம் தூங்கிவிடும், எழுந்து சோம்பல் முறித்து வரக் கொஞ்சம் நேரமாகும் என்று விளக்கினேன்.

"நம்ம பரோட்டா மாஸ்டரே அப்படித்தான் கீறான். நீ வேற ஒண்ணு இட்டுக்கினு வந்தியாம்மா?"

சும்மா தட்டியது

தூங்க விடாமலிருக்க ஒரு வழி உண்டு. கொஞ்ச நேரத்துக்கொரு தரம் சும்மா தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெபராஜ் சும்மா தட்டவில்லை. தன் பெயரையும் இரும்புலியூரையும் போட்டு, நேரில் வாங்கிக்கொள்வதாக ஒரு மட்டன் பிரியாணி ஆர்டரையே திரும்பத் திரும்பத் தானாகப் போகும்படி வைத்துத் தட்டினான். லேப்டாப்பில் ஒரு தடவை ஓட்டியிருந்தால் அதற்கும் சமையல்கட்டில் சீட்டு விழும் என்பது தெரிந்திருக்கும். நேரே ஏற்றிவிட்டான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் பாய் கூப்பிட்டார். கோபமில்லை, கவலைதான்.

"இரும்புலியூர் ஜெபராஜாம், காலைலேந்து ஒவ்வொரு பிரியாணியா சொல்லிக்கினே கீறாரு. வாங்க ஆளத்தான் காணோம். மனுசன் நல்லாத்தானே கீறாரு?"

பொட்டலங்கள்

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜெபராஜை இழுத்துக்கொண்டு ரயில் பிடித்தேன். கடை மேஜை முழுக்கப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் அவன் பெயர். உண்மையைச் சொன்னோம். எனக்கு அவமானமாக இருந்தது. இருந்த ஒரு கஸ்டமரும் போனார் என்றே நினைத்தேன். பாய் பொட்டலங்களைச் சந்தைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு ஜெபராஜிடம் வந்தார்.

"போன்ல எடுத்திருந்தா மூணாவது பிரியாணிக்கே 'யார்யா நீ, வூட்ல விசேசமா'ன்னு கேட்டிருப்பேன். உன் மிசினுக்கு அது கேக்கத் தெர்ல. கத்துக் குடுத்து இட்டுக்கினு வா. அதுவரிக்கும் போனுதான்."

எங்கள் புரோகிராம் எந்த ஊரில் ஓடுகிறது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது, அடுப்பு எரிவது பல்லாவரத்தில் என்பதை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டோம்.