அம்மா தெச்ச பச்ச ஜாக்கெட்டும் என் ரெண்டு கையும்

மொத நாளு அந்த வீடியோவ போட்டப்போ நான் விழுந்துட்டேன். சும்மா விழல, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல மாட்டிகினு விழுந்தேன். போன்ல அந்த பொண்ணு பாட்டுக்கு சிரிச்சிகினே கைய மேல தூக்குது, கீழ எறக்குது. நான் தரையில குந்திகினு அது மூஞ்சியவே பாத்துகினு கீறேன். அந்த நேரம் பாத்து எங்க நைனா பால் பாக்கெட்டோட உள்ள வந்தாரு.

"இன்னாடி, கரப்பாம்பூச்சியா?"

"இல்ல நைனா, எக்சசைஸ்."

கொஞ்ச நேரம் போனையும் என்னையும் மாறி மாறி பாத்தாரு. "அந்த பொண்ணு நின்னுகினு பண்ணுது. நீ ஏன் குந்திகினு கீற?"

வயிறு நோவ சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அம்மா போயி அப்போ பத்து மாசம். அந்த பத்து மாசத்துல எங்க ஊட்ல ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சது அதான் மொத தபா.

ஏன் இந்த கூத்துன்னு சொல்றேன். எங்கம்மா தையக்காரி. ஆவடியில எங்க தெரு பொம்பளைங்க பாதி பேருக்கு அதான் ஜாக்கெட்டு தெக்கும். ஊருக்கே தெச்சிட்டு, தனக்குன்னு ஆசையா தெச்சது ஒண்ணே ஒண்ணுதான். கிளிப்பச்ச கலரு, கையில மாங்கா போட்ட ஜரிக பார்டரு. நல்ல நாளுக்கு போட்டுக்கறேன்னு எடுத்து வெச்சிச்சி. நல்ல நாளு வரும்போதெல்லாம் அம்மா ஆசுபத்திரியில படுத்துகினு இருந்திச்சி. கடைசி வரைக்கும் போடவே இல்ல.

எங்கள்ல தாலியோட போன பொம்பளைய பூவாடைக்காரின்னு சொல்லுவாங்க. வருசம் முடிஞ்சா அவங்களுக்கு படையலு. புதுப்பொடவ வெச்சி கும்புட்டு, அந்த பொடவைய ஊட்டு பொண்ணு கட்டிக்கணும். எங்க ஊட்ல பொண்ணுன்னா நான் ஒருத்திதான். பொடவ எதுவா வேணா இருக்கட்டும், ஜாக்கெட்டு மட்டும் அந்த பச்சதான்னு மனசுல முடிவு பண்ணிட்டேன்.

போட்டு பாத்தேன். கை முட்டிய தாண்டி ஏறல. தம் கட்டி இழுத்தேன், பாதி கையில மாட்டிகிச்சி. மேலயும் போவல, கீழயும் வர்ல. ரெண்டு கையும் தூக்கிகினு, போலீசு புடிச்ச திருடன் மாதிரி நின்னுகினு கீழ் ஊட்டு அக்காவ கத்தி கூப்ட்டேன். அது ஓடியாந்து பவுடர கொட்டி உருவி எடுத்திச்சி.

"இதுக்கு ஏன் பாப்பா இவ்ளோ கஷ்டப்படற? உள்ள துணி வுட்டுருக்கும், பிரிச்சி வுட்டா சரியா பூடும்."

"அதெல்லாம் வேணாங்கா. எங்கம்மா போட்ட தையலு அது. ஒரு நூல கூட பிரிக்க மாட்டேன்."

"அப்புறம் எப்டி போடுவ?"

"நான் கொறஞ்சிக்கறேன்."

அக்கா என்ன ஏற எறங்க பாத்திச்சி. அந்த பார்வையிலயே எனக்கு ரெண்டு கிலோ எறங்கியிருக்கும்.

நான் எட்டாவதோட நின்னவ. அந்த வீடியோ பொண்ணு இங்கிலீசும் இந்தியும் கலந்து பேசும், எனக்கு புரிஞ்சது 'லாஸ்ட் ஒன்' மட்டுந்தான். அது எவ்ளோ பெரிய பொய்யின்னு பண்றவங்களுக்குத்தான் தெரியும். லாஸ்ட் ஒன்னுன்னு சொல்லிட்டு இன்னும் எட்டு பண்ணும், பல்லு வேற தெரியும். நைனா அதுக்கும் மேல. பால் காயற வரைக்கும் வாசப்படியில ஒக்காந்து எனக்கு எண்ணுவாரு. "பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது... பத்தொம்போது... பத்தொம்போது..."

"நைனா! இருபது சொல்லு நைனா!"

"நீ ஒழுங்கா தூக்கு, நான் சொல்றேன்."

அந்த இருபது அவரு வாயிலேர்ந்து வரவே வராது. நானா பொத்துனு கைய கீழ போட்டாத்தான் உண்டு.

மொதல்ல தண்ணி பாட்டில தூக்குனேன். அது பத்தல. அப்புறம் ஒரு கையில அம்மாவோட கரி இஸ்திரி பொட்டி, இன்னொரு கையில ஆட்டுக்கல்லு கொழவி. எட கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், இன்னா பண்றது, தராசுலயா நிக்க போறேன்.

நான் குதிக்கற குதியில கீழ் ஊட்டு சாமி படம் ஆடிச்சாம். அக்கா சண்டைக்கு மேல வந்திச்சி. "இன்னா பாப்பா, ஊட்ட இடிக்கறியா?" வந்துதா, நான் மூஞ்செல்லாம் வேர்த்து கொழவிய தலைக்கு மேல தூக்கிகினு நிக்கறத பாத்திச்சி. வந்த சண்டைய மறந்துட்டு, "இது தொப்பைக்கும் ஆவுமா?"ன்னு கேட்டிச்சி. மறுநாளு காலையில அஞ்சரைக்கெல்லாம் நைட்டி மேல துண்ட இறுக்கி கட்டிகினு வந்து நிக்குது! ரெண்டு பேரும் குதிச்சா கீழ சாமி படம் ஆடும், ஆனா கேக்கறதுக்கு ஆளில்ல.

ஒரு நாளு சிலிண்டரு போட வந்த அண்ணன், கீழயே எறக்கி வெச்சிட்டு, "மாடிக்கெல்லாம் தூக்க முடியாதும்மா, இடுப்பு நோவுது"ன்னாரு. எனக்கு இன்னா தோணிச்சோ, நைட்டிய சொருகிகினு சிலிண்டர புடிச்சி தூக்குனேன். ஏறுது! பதினாலு படி, நடுவுல ஒரே ஒரு தபாதான் வெச்சேன். மேல நின்னு கீழ பாத்தா அந்த அண்ணன் கார்டும் கையுமா அப்டியே கீறாரு.

"இன்னா துன்ற நீ?"

"பழைய சோறுண்ணா!"

அன்னிக்கி அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க பேக்கிங் கம்பெனி முழுக்க அதே கததான். ரெண்டாளு தூக்கற பொட்டிய நானே தூக்கி காட்டுனேன். யாரும் கேக்கல, நானா காட்டுனேன்.

ஒரு மாசம் முடிஞ்ச அன்னிக்கி அம்மாவோட டேப்ப எடுத்து கைய அளந்தேன். ஆரம்பிச்சப்போ பதிமூணு இஞ்சி இருந்திச்சி. இப்போ பதிமூணே கால்.

திரும்ப அளந்தேன். அக்காவ அளக்க சொன்னேன். பதிமூணே கால்தான். கைய மடக்குனா முண்டு முண்டா நிக்குது. கைய கொறைக்கற வீடியோன்னு நான் நெனச்சிகினு பண்ணது, கைய செதுக்கி கல்லாக்கற வீடியோவாம். மொழி தெரியாதவ அந்த பொண்ணோட படத்த பாத்துட்டு ஆரம்பிச்சா இப்டித்தான் ஆவும். அக்கா சிரிக்க ஆரம்பிச்சி, என் மூஞ்சிய பாத்துட்டு நிறுத்திகிச்சி.

படையலுக்கு பன்னெண்டு நாளு. நான் சோத்த நிறுத்திட்டேன். காலையில வெள்ளரிக்கா, மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரிக்கு தண்ணி. நைனா கேட்டா கம்பெனியில துன்னுட்டேன்னு சொல்லிடுவேன். எட்டாவது நாளு டிரெயினு விட்டு எறங்கி வரும்போது கண்ணு இருட்டிகினு வந்திச்சி. செவுத்த புடிச்சிகினு ஊட்டுக்கு வந்தா, படையலு பத்தி பேச அத்தை வந்துருந்திச்சி. நைனாவோட அக்கா, வாயி கொஞ்சம் நீளம். அன்னிக்கி என்ன பாத்ததும் ஓடியாந்து கைய புடிச்சிகிச்சி.

"இன்னாடி இது. கடைசியில உங்கம்மா கீற மாதிரியே கீற."

எனக்கு அழுவ வந்திச்சி. எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஜாக்கெட்டு, கொழவி, பதிமூணே கால், வெள்ளரிக்கா. நைனா அடுப்பாண்ட நின்னுகினு கேட்டாரு. ஒரு தட்டுல சோத்த போட்டு என் முன்னாடி வெச்சாரு.

அத்தை பீரோவுலேர்ந்து அந்த ஜாக்கெட்ட எடுத்து உள்பக்கமா திருப்பிச்சி. நான் அத்தன தபா தொட்டு பாத்திருக்கேன், ஒரு தபா கூட திருப்பி பாத்ததில்ல.

"தோ பாரு. ஓரத்துல கீது பாரு பச்ச நூலு, இதான் மொத தையலு. அவ கல்லாட்டம் இருந்தப்போ தெச்சது. அதுக்கு உள்ள செவப்பு. அதுக்கும் உள்ள கறுப்பு. கைக்கும் அப்டித்தான். ஒவ்வொரு தபா ஆசுபத்திரிலேர்ந்து வந்தும் போட்டு பாத்துட்டு, லூசா கீது அண்ணின்னு சொல்லி புடிச்சிகினே வந்தா. மெஷின்ல எந்த நூலு இருந்திச்சோ அதுலயே ஓட்டிட்டா."

நான் வேலைக்கு போயிருந்த நேரம். எனக்கு தெரியவே தெரியாது.

"அவ நல்லா இருந்த அளவு தோ இந்த பச்சதான். நீ இன்னாத்துக்கு அந்த கறுப்பு தையலுக்குள்ள போவ பாக்கற?"

சோத்த துன்னேன். ரெண்டு தட்டு துன்னேன். அப்புறம் அம்மாவோட டப்பாவுலேர்ந்து பிளேட எடுத்து, கறுப்ப நானே பிரிச்சேன், அப்புறம் செவப்ப. பிரிச்ச நூல நைனா பொறுக்கி எடுத்து ஒரு மெஷின் பாபின்ல சுத்தி வெச்சாரு. எதுக்குன்னு நான் கேக்கல.

போட்டு பாத்தா ஒடம்பு எனக்கே அளவெடுத்த மாதிரி உக்காந்திச்சி. கை மட்டும் கொஞ்சம் டைட்டு. அது என் முண்டா, அதுக்கு அம்மா இன்னா பண்ணும்.

படையலு அன்னிக்கி வட, பாயசம், வெல்லம் போட்ட பச்சரிசி மாவு, எல்லாம் எலயில. பொடவைய வெச்சி கும்புட்டு எடுத்து, என்ன உள்ள இட்டுகினு போயி அத்தை கட்டி வுட்டிச்சி. பச்ச ஜாக்கெட்டுல நான் வெளிய வந்ததும் நைனா தலைய குனிஞ்சிகினாரு. கீழ் ஊட்டு அக்கா மூக்க உறிஞ்சிச்சி. கற்பூரம் ஏத்துனாங்க. நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, அம்மான்னு கும்புட்டேன்.

டர்ர்ர்ருனு ஒரு சத்தம். அக்குள்ள ஒரு பக்கம் நல்லா கிழிஞ்சிகிச்சி.

கைய எறக்கலாமா வாணாமான்னு எனக்கு தெரில, தூக்குனது தூக்குன மேனிக்கி நின்னேன்.

நைனா கண்ண தொடச்சிகினே மெதுவா சொன்னாரு: "இருபது."

மொதல்ல அக்காதான் வெடிச்சிச்சி. அப்புறம் அத்தை, அப்புறம் நான். படையலு முன்னாடி இப்டி சிரிக்கலாமான்னு அத்தையே கேட்டுட்டு அத்தையே சிரிக்குது. கற்பூரம் அணையற வரைக்கும் அடங்கல.

சாயந்தரம் அம்மா மெஷினு முன்னாடி நானே ஒக்காந்தேன். மெஷின்ல மஞ்ச நூலு இருந்திச்சி, அதுலயே ஓட்டிட்டேன். கோணல் மாணலா கீது. அக்குள்ளதானே, எவ பாக்க போறா.