ஞானம்மாள் அக்கா பூட்ட மறுத்த என்ஜின்

பீடோர் சாலையில் நின்றுபோன ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. ஈப்போவிலிருந்து வந்த வாடகைக் கார் டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் காலைத் தட்டினார்.

"வேலு அண்ணே, வெளிய வாங்க. ஞானம்மா அக்கா காலையில தவறிட்டாங்க."

அழுகை வரவில்லை. கையிலிருந்த ஸ்பானரைச் சாலையோரப் பள்ளத்தில் வீசி எறிந்தேன். பிறகு இறங்கித் தேடி எடுத்துக்கொண்டு அவருடைய காரிலேயே ஊர் திரும்பினேன். அடக்கம் முடிந்து சில நாட்களாகின்றன. கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஞானம்மாள் அம்மையாரை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஈப்போவில் அவர்கள் நடத்திய மோட்டார் பட்டறை, கணவர் யேசுதாசன் அண்ணன் தொடங்கியது. நான் அங்கே ஃபிட்டர். அண்ணன் மலேரியாக் காய்ச்சலில் இறந்தபோது, பட்டறையை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறும்படி அம்மையாருக்கு ஆலோசனை சொல்லாதவர்கள் இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரரும் சபை மூப்பருமான தேவசகாயம் ஐயா நேரில் வந்தே சொன்னார். கரியும் எண்ணெயுமான இடத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்பது அழகல்ல என்றார்.

"அழகுக்காக யாரும் பட்டறை வைக்கிறதில்லைங்கய்யா" என்றார்கள் அம்மையார்.

அவர்களுக்கு என்ஜின் வேலை தெரியாது. தெரிந்ததுபோல ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. "மிஷினு உன் பாடு வேலு. வண்டியில குந்தப் போறது யாருன்னு நான் கேப்பேன். அத எங்கிட்ட விட்டுரு" என்பார்கள். அப்படியே கேட்பார்கள். பிரேக்கு பிடிக்காத வாடகைக் காரை அப்படியே எடுத்துப் போகிறேன் என்று ஒருவர் அடம்பிடித்தபோது, வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைப் பிடுங்கி பெஞ்சில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மனிதர் கத்தினார். அம்மையார் அவரைவிட உரக்கக் கத்தினார்கள். தெருவே கூடிவிட்டது. பிரேக்கு மாற்றிய பிறகுதான் எழுந்தார்கள்.

இந்தப் பட்டறைக்குத்தான் அந்தப் பந்தயக் கார் வந்து சேர்ந்தது.

யுத்தத்துக்கு முன் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய கார் அது. நீண்ட மூக்கு, தோல் வார்களால் இறுக்கிக் கட்டிய மூடி. ரப்பர் தோட்டத்துச் சாமான் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்ததை, அங்கே உதவி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரச் சின்ன துரை ஒருவர் வாங்கியிருந்தார். கோலா கங்சாருக்கு வடக்கே கணவாய்ச் சாலையில் துரைமார்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்திருந்தார்கள். அடுத்த மாதமே அதில் ஓட்ட வேண்டும் என்று வந்து நின்றார். அழகான வண்டிதான். அதைத் தொட்டபோது எனக்கும் ஆசை வந்தது.

என்ஜினைக் கிளப்பினால் அடியிலிருந்து டொக் டொக்கென்று தட்டியது. எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினேன். அடியில் வெள்ளை ஈயத் துகள் மினுமினுத்தது. பேரிங்குகள் தேய்ந்து உதிர்ந்த தூள் அது. நான்கு பேரிங்குகளில் ஒன்று முழுக்கப் போயிருந்தது. மற்ற மூன்றிலும் கீறல். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குத் தண்டு தேய்ந்து வட்டம் இழந்திருந்தது. பிஸ்டனைத் தாங்கும் தண்டுகளில் ஒன்றில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அது வெடிப்பா, வெறும் கீறலா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு தூரம் பிரித்துச் செய்வது என்பதுதான் கேள்வி. முழுதும் செய்வதென்றால் கிராங்குத் தண்டை வெளியே எடுத்து, லம்பங்களுக்கு, அதாவது ஈயச் சுரங்கங்களுக்கு, சாமான் வார்க்கும் சீனர் பட்டறையில் கடைய வேண்டும். பிஸ்டன் தண்டுகள் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். பந்தயம் முடிந்தே போய்விடும். துரை கேட்டதோ, வால்வைத் தேய்த்து மேல் பாகத்தைச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டித் தந்தால் போதும் என்பது. அவர் ஒன்றும் அறியாதவரல்ல. யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். நான் காட்டிய தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்தக் கோட்டை நகத்தால் தடவியும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"கீழே தொடாதே. மேலே மட்டும் செய். ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும்" என்றார் தோட்டத் தமிழில்.

"பக்கத்துல யாரு குந்துவாங்க தொர?" என்று அம்மையார் கேட்டார்கள்.

அந்த வண்டியில் ஓட்டுபவரின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, கையாலேயே எண்ணெய் பம்பு அடித்துக்கொண்டு வர வேண்டும்.

"என் டிரைவர். மாரிமுத்து."

"அந்த ஆளுகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?"

"அவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப முழுசாச் செய்வோம். இல்லாட்டி வண்டியத் தூக்கிட்டுப் போங்க. அரையும் கொறையுமா என் பட்டறையில பூட்ட மாட்டோம்" என்றார்கள்.

துரை சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் தேவசகாயம் ஐயா வந்தார். அந்தத் தோட்டத்து லாரிகள் எல்லாம் நம்மிடம்தான் வருகின்றன, பக்கத்துத் தோட்டங்களும் அதைப் பார்த்துத்தான் அனுப்புகின்றன, துரைமார் மனம் கோணக்கூடாது என்றார். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. பூட்டிக் குடுத்துட்டா அப்புறம் அது அவர் பாடு" என்றார்.

நானும் ஒரு யோசனை சொன்னேன். போன பேரிங்கை மட்டும் புதிதாக வார்த்து, கோடு விழுந்த தண்டுக்குப் பதில் வேறொன்றை நம் கையாலேயே செய்து போட்டால், மெதுவாக ஓட்டும்வரை தாங்கும் என்றேன்.

"பந்தயத்துல எவன் மெதுவா ஓட்டுவான்? கேட்டுச் சொல்லு" என்று என்மீது பாய்ந்தார்கள். "நீ பாதி செஞ்சு குடுத்தா, சரியாப் போச்சுன்னு நம்பி இன்னும் வேகமா வுடுவான்லா!"

அன்று எங்களுக்குள் பெரிய சண்டை. நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். துரை லாரி அனுப்பி, பிரித்துக் கிடந்த என்ஜினையும் காரையும் அள்ளிக்கொண்டு போனார். வேறொரு பட்டறையில் பேரிங் மூடிகளை அரத்தால் ராவி இறுக்கி, அதே தண்டைப் போட்டுப் பூட்டிக் கொடுத்தார்கள். தட்டும் சத்தம் நின்றுவிட்டதாம்.

கணவாய் ஏற்றத்தில் அந்தத் தண்டு முறிந்தது. என்ஜினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. சக்கரங்கள் இறுகி, கார் மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. துரை புதருக்குள் தூக்கி எறியப்பட்டுச் சிராய்ப்போடு எழுந்து வந்தார். மாரிமுத்து காருக்கு அடியில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

விசாரணையில் துரை, ஈப்போப் பட்டறை ஒன்று என்ஜினைப் பிரித்துக் கெடுத்துவிட்டது என்றார். அழைக்காமலேயே அம்மையார் அங்கே போனார்கள். நானும் உடன் போனேன். வாசலில் நின்ற சேவகர் தடுத்ததும், உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி வாசலிலிருந்தே பேசினார்கள். "தண்டுல ஓடுன அந்தக் கோட்ட, தொர தன் நகத்தால தடவிப் பாத்தாரு. இல்லைன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க!" பிறகு அதிகாரிகள் உள்ளே கூப்பிட்டு, சொன்னதைக் கேட்டார்கள். தற்செயலான விபத்து என்று முடித்தார்கள். துரை விடுப்பில் சீமைக்குப் போனார். அவ்வளவுதான்.

கால் போன டிரைவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடும் இல்லை. மாரிமுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அவர் மனைவி பிள்ளைகளின் சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்மையார் என்னை லாரி எடுக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வழியை மறித்துக்கொண்டு, பெரிய துரை உத்தரவு இல்லாமல் உள்ளே வண்டி விட முடியாது என்றார்.

"வண்டி வேணாம். நடந்தே தூக்கிட்டு வாரோம். நீயும் ஒரு பொட்டியத் தூக்கு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கிராணி ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து வந்தார். அன்று மட்டும் நான் சிரித்தேன்.

மாரிமுத்து குணமாகி வந்து, உட்கார்ந்த இடத்திலேயே வால்வு தேய்க்கும் வேலையை எங்கள் பட்டறையில் ஏற்றுக்கொண்டார். தோட்டத்து லாரிகள் வருவது நின்றது. வாடகைக் கார்களையும் லம்பத்து லாரிகளையும் வைத்துக்கொண்டு சிரமப்பட்டே ஓட்டினோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புகழுரை என்பதற்காக மறைக்க மாட்டேன். என் யோசனைப்படி செய்திருந்தால் அந்தக் கால் இருந்திருக்கும் என்றே நான் எண்ணினேன். இப்போதும் பல நாள் அப்படித்தான் தோன்றுகிறது. போன வருஷம் ஒரு நாள் அம்மையாரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"இருக்கலாம் வேலு. நானும் அத நெனைக்காத நாளில்ல. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கோம் பாரு. கேக்க வேண்டிய ஆளு கப்பலேறிப் போயிட்டான்" என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வாடகைக் கார் டிரைவர்கள் மதில் வரை நின்றார்கள். தேவசகாயம் ஐயா குழிக்குத் தலைமாட்டில் நின்று பேசினார். நம் சகோதரி பொறுமையின் உருவம், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவர் என்றார். உயிரோடு இருந்தபோது அடக்க முடியாத ஒரு பெண்ணை, இறந்த பிறகு அடக்கி வைக்கிறார்கள் என்று தோன்றியது. நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது. மாரிமுத்து.

"ஐயா, மன்னிச்சிருங்க. எங்க அக்காவுக்குப் பொறும கெடையாது. இருந்திருந்தா எம்புள்ளைங்க இன்னிக்கி ரோட்டுலதான் கெடக்கும்."

ஐயா குனிந்துகொண்டார். மாரிமுத்து ஊன்றுகோல்களை ஊன்றி ஈரமண்ணில் மெல்ல முன்னே வந்தார். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். கோல்களை இருபுறமும் போட்டுவிட்டு, இருந்த ஒரு முழங்காலில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார். அதன் பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள்.

அமைதியாக உறங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அக்கா. போய் வாருங்கள். உங்கள் கோபத்தை மட்டும் இங்கே விட்டுப் போங்கள். எங்களுக்கு இன்னும் அது வேண்டியிருக்கிறது.