ஒரே பையில் இரண்டு மண்

மண் பரிசோதனை வேலையில் நகத்து அழுக்கும் போகாது, காதில் விழுந்த வசவும் போகாது. மண்பையோடு பஸ் ஏறி, "அந்த மூட்டைய இறக்கும்மா" என்று கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. செம்மண், கரிசல், வண்டல், மலையில் சரளை, வெள்ளை பூத்துக் கிடந்தால் களர் என்று வகை பிரித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன்.

சலித்த மண்

நைனார்பாளையத்திலிருந்து கோவிந்தம்மா அக்கா வந்தார். ஒரு ஏக்கர் நிலம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. "ஒண்ணும் வெளையல, வித்துடலாம்" என்கிறாராம். அக்காவுக்கு விற்க மனசே இல்லை. நல்ல மண் என்று நான் எழுதிக் கொடுத்தால், அதைக் காட்டி அவரை நிறுத்திவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார்.

கொண்டுவந்த மண்ணில் கல் இல்லை, வேர் இல்லை, மாவு மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். சாண வாசனை! "இது எருக்குழி ஓரத்து மண்ணுதானேக்கா?" என்றேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"பொண்ணு பாக்க வரவங்க முன்னாடி அழுக்குப் பொடவையோடவா நிறுத்துவாங்க மேடம்?"

பத்துக் குழி

சிரிப்பை அடக்கிக்கொண்டு முறையைச் சொன்னேன். நிலத்தில் பத்து இடத்தில் குழி போடணும், எல்லா மண்ணையும் கலந்து ஒரு பையில் கொண்டுவரணும். அடுத்த வாரமே சொன்னபடி வந்தார். முடிவு மோசம். முழு ஏக்கரையும் 'களர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டு முடிவைச் சொன்னார். "அப்ப அடுத்த மாசம் லீவு போட்டு வரேன், பத்திரத்த முடிச்சிடலாம்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான எடுத்தேன் மேடம். ஒழுங்கா எடுத்தா இப்பிடியா ஆவும்?"

மலைமேல் ஒரு வாளி

அதே வாரம் கல்வராயன் மலையில் வேலை. சின்னதம்பி என்பவருடைய சரிவு நிலம். எனக்கு அண்ணன் வயசு இருக்கும், வாய் மட்டும் என்னைவிட ஜாஸ்தி. வழக்கம்போலப் பத்துக் குழி மண்ணையும் ஒரே வாளியில் கொட்டப் போனேன். மனுஷன் பதறிப்போய் வாளியைப் பிடுங்கிவிட்டார். மேலே சரளை, அதில் சாமை போடுகிறார். கீழே மழை கொண்டுவந்து சேர்த்த மண், அதில் நெல். இரண்டையும் கலந்து எதைப் பார்க்கப் போகிறாய் என்று என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

"சோத்தையும் கொழம்பையும் மோரையும் ஒண்ணாக் கொட்டிட்டு எது புளிக்குதுன்னு கேட்டா, இன்னாம்மா சொல்றது?"

இரண்டு பை

எனக்குக் கோவிந்தம்மா அக்காவின் ஒரே பைதான் ஞாபகம் வந்தது. மண் நிறம் மாறினால் பையும் மாறணும் என்பது நானும் படித்த பாடம்தான். அதை அக்காவிடம் சொல்லாமலே விட்டிருக்கிறேன், பாவி! மறுநாள் காலையிலேயே நைனார்பாளையம் ஓடினேன்.

வரப்பில் நின்றதுமே தெரிந்துவிட்டது. மேல்பாதி நல்ல செம்மண். தண்ணீர் தேங்கும் கீழ்ப்பாதிதான் வெள்ளை பூத்துக் கிடந்தது. முழுசுக்கும் நெல்லே வைத்து, மேலே தண்ணீர் நிற்காமலும் கீழே வடியாமலும் இரண்டும் கெட்டிருக்கிறது. "தப்பு என்னுதுதாங்க்கா" என்று சொல்லி, நானே இரண்டு பையாக எடுத்துவந்து பரிசோதித்தேன். மேலே மக்காச்சோளம் தாராளமாக வரும். கீழே வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசை நீட்டினேன்.

அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"நெலத்த விக்கப் போட்ட லீவு அப்பிடியே இருக்கட்டும், மம்முட்டியோட வந்து வடிகால வெட்டிட்டுப் போ."

அவரும் வந்து வெட்டிவிட்டுப் போனார், மேல்பாதியில் மக்காச்சோளம் இப்போது என் தோள் உயரம் நிற்கிறது. மண் வகைகளை ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை பாஸான எனக்கு, ஒரு ஏக்கருக்குள் இரண்டு வகை இருக்கும் என்று உறைக்க ஆறு வருஷமும் ஒரு மலையும் தேவைப்பட்டது.